கேள்வி – பதில்: ஆறாவது விரல்

சென்ற இதழில் பழைய இந்திப் படங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 1967-இல் வெளிவந்த ‘ஜுவல் தீஃப்’ படத்தைக் குறித்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். நம் நாட்டில் எடுக்கப்பட்ட குற்றப் படங்களில் இவ்வளவு அழகாக நம்மை ஏமாற்றிய படம் வேறு இல்லை என்பது அந்த வரி. அதற்கு மும்பையின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால், இம்மாதப் பகுதியை முழுவதுமாக அந்தப் படத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். இன்னும் பார்க்காத வாசகர்களுக்கு ஓர் உறுதி: திருடன் யார் என்பதை இந்தப் பக்கங்களில் எங்கும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஐயா, அறுபது ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு படத்தில், இன்றைய பார்வையாளனை ஏமாற்றும்படி அப்படி என்ன இருக்கிறது? கதைச் சுருக்கத்தைப் படித்தால் ஆள்மாறாட்டக் கதையாகத்தானே தெரிகிறது? – ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: கதைச் சுருக்கத்தைப் படித்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. காவல்துறை ஆணையரின் மகனான வினய் (தேவ் ஆனந்த்) தந்தையின் வழியில் போக விரும்பாமல், ரத்தினங்களைத் தரம் பார்க்கும் தன் திறமையை நம்பி ஒரு நகை வணிகரிடம் வேலைக்குச் சேருகிறான். ஊரெங்கும் பெரிய நகைக் கொள்ளைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில், வினயை அமர் என்று எண்ணிக்கொண்டு பேசுகிறவர்கள் ஒவ்வொருவராக எதிர்ப்படுகிறார்கள். தன்னைப் போலவே தோற்றமுள்ள அந்த அமர்தான் திருடன் என்று கருதும் வினய், தானே அமராக நடித்து அவனைப் பிடிக்கப் புறப்படுகிறான்.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒரு விருந்துக் காட்சியை. ஷாலினி (வைஜயந்திமாலா) தன் அண்ணனுடன் (அசோக் குமார்) அங்கே வருகிறாள். வினயைப் பார்த்ததும் தன்னை மணப்பதாக வாக்களித்துவிட்டு மறைந்த அமர் இவன்தான் என்கிறாள். வினய் மறுக்கிறான். விருந்தினர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அமரின் வலது காலில் ஆறு விரல்கள் உண்டு, அதனால் காலணியைக் கழற்றிக் காட்டட்டும் என்று அண்ணன் கேட்கிறார். இத்தனை பேர் முன்னிலையில் ஒருவனைக் காலணியைக் கழற்றச் சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வினய் கழற்றுகிறான். ஐந்து விரல்கள்தான் இருக்கின்றன.

நாம் அந்தக் கணத்தில் நிம்மதியடைகிறோம். இவன் அமர் இல்லை என்பது உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் நம் கண்ணுக்குக் காட்டப்பட்டது இவனுக்கு ஐந்து விரல்கள் என்பது மட்டுமே. ஆறு விரல்கள் உள்ள ஒருவன் எங்கோ இருக்கிறான் என்பது நாம் காதால் கேட்டது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒரே முடிச்சாகப் போட்டு, இரண்டையும் சேர்த்து நம்ப வைத்துவிடுகிறார் இயக்குநர் விஜய் ஆனந்த். இதைவிடச் சுருக்கமாகவும் கண்ணியமாகவும் ஒரு திரைக்கதை ஆசிரியர் பார்வையாளனின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றதை நான் கண்டதில்லை. தீர விசாரிப்பதே மெய் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இருந்தும் அந்த விருந்தில் யாரும் விசாரிப்பதில்லை, அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாமும் விசாரிப்பதில்லை.

இதற்கு மேல் ஒரு நுட்பமும் இருக்கிறது. இப்படத்தைத் தயாரித்த நவ்கேதன் நிறுவனத்தின் முந்தைய குற்றப் படங்கள், 1951-இல் குரு தத் இயக்கிய ‘பாஸி’யைப் போல, கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை, தெருவிளக்கின் நிழலும் சிகரெட் புகையும் நிறைந்த அவ்வுலகில், ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இருட்டே காட்டிக்கொடுத்துவிடும். ‘ஜுவல் தீஃப்’ வண்ணப் படம். அதே ‘பாஸி’யை ஒளிப்பதிவு செய்த வி. ராத்ராதான் இங்கும் ஒளிப்பதிவாளர் என்றாலும், இம்முறை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்திருக்கிறார். கட்டம் போட்ட தொப்பி, மலைச்சரிவு, விருந்து, சிரிப்பு, பாட்டு என்று கண்ணைப் பறிக்கும் எல்லாமே திரையின் நடுவில் நிற்கின்றன. உண்மை அவற்றின் ஓரத்தில், யாரும் மறைக்காமலேயே கிடக்கிறது. இப்படத்தின் பகட்டை வெறும் அலங்காரம் என்று கருதுபவர்களோடு நான் கடுமையாக மாறுபடுகிறேன். அந்தப் பகட்டுக்குள்தான் கதையே ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: என் மகள் முடிவைச் சொல்லிவிட்டாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை இனியும் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டுமா? – ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: அவசியம் பாருங்கள், அம்மா. முடிவு தெரியாமல் பார்க்கும் இன்பம் ஒருமுறைதான் கிடைக்கும். தெரிந்து பார்க்கும் இன்பமோ எத்தனை முறை வேண்டுமானாலும் கிடைக்கும். நான் இப்படத்தை முதலில் பார்த்தபோது கதை எங்கே போகிறது என்ற பதற்றத்தில் முகங்களைப் பார்க்கவே மறந்துவிட்டேன். இரண்டாம் முறை பார்த்தபோது, ஒவ்வொருவரும் பேசி முடித்த பிறகு அவர்கள் கண்கள் எங்கே போகின்றன என்பதை மட்டும் கவனித்தேன். வேறொரு படத்தையே பார்ப்பதுபோல் இருந்தது. குறிப்பாக வைஜயந்திமாலா. அவர் அழும் காட்சிகளில் வரும் அழுகை முதல் முறை ஒரு காரணத்துக்காக வருவதாகத் தோன்றும், மறுமுறை வேறொரு காரணத்துக்காக வருவதாகத் தோன்றும். இரண்டுமே பொய்யில்லை. ஒரே முகபாவத்தை இரு பொருள்படச் செய்வது எளிதான நடிப்பு அன்று.

கேள்வி: ஒரு குற்றப் படத்தின் விறுவிறுப்பைப் பாட்டுகள் கெடுத்துவிடும் என்பது என் கருத்து. நம்மவர்கள் 1954-லேயே ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்துக் காட்டவில்லையா? ‘ஜுவல் தீஃப்’பில் பாட்டுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நேரம் மிச்சமாகும் அல்லவா? – ஒரு வாசகர், செம்பூர்

பதில்: ‘அந்த நாள்’ மீது தங்களுக்குள்ள மதிப்பு எனக்கும் உண்டு. வீணை எஸ். பாலசந்தர் ஒரு பாட்டுகூட இல்லாமல் அப்படத்தை நகர்த்திச் சென்ற துணிச்சலை இன்றும் வியக்கிறேன். ஆனால் விஜய் ஆனந்தின் படத்தில் பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்ப்பவர், துப்பறியும் நாவலில் நடுநடுவே பக்கங்களைக் கிழித்துவிட்டுப் படிப்பவருக்கு ஒப்பாவார்.

பாட்டைப் படமாக்குவதில் அவருக்கு நிகரானவர் இந்தித் திரையுலகில் மிகச் சிலரே. இதற்கு ஈராண்டுகளுக்கு முன் ‘கைட்’ படத்தையும், ஓராண்டுக்கு முன் ‘தீஸ்ரி மன்ஸில்’ என்ற கொலை மர்மப் படத்தையும் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். பாட்டு தொடங்கும்போது இருந்த நிலைமை பாட்டு முடியும்போது மாறியிருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டவர்போல் வேலை செய்திருக்கிறார்.

‘ராத் அகேலி ஹை’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தனுஜா ஏற்ற அஞ்சலி, வினயைச் சீண்டிப் பார்க்கும் பாட்டு. இரவு தனித்திருக்கிறது, விளக்குகள் அணைந்துவிட்டன என்று காதருகில் கிசுகிசுப்பாகத் தொடங்கும் ஆஷா போஸ்லேயின் குரல், அடுத்த அடியில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உச்சத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில் நாம் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறோம். ரகசியம்போல் தொடங்குவது கூச்சலாக முடியும், அமைதியாக இருக்கும் இடத்தை நம்பாதே என்று எஸ்.டி. பர்மனின் இசையே நம்மைப் பழக்கிவிடுகிறது. காதல் குறும்பு போலத் தோன்றும் அந்த நான்கைந்து நிமிடங்களில், ஒரு மர்மப் படத்தைப் பார்ப்பதற்கான பயிற்சி நடந்து முடிந்துவிடுகிறது.

‘ருலா கே கயா சப்னா மேரா’ அதற்கு நேர் எதிர். இப்படத்தின் மற்ற பாட்டுகளை மஜ்ரூஹ் சுல்தான்புரி எழுத, இந்த ஒன்றை மட்டும் ஷைலேந்திரா எழுதினார். படம் வெளிவருவதற்கு முன்பே, 1966 டிசம்பரில் அவர் மறைந்துவிட்டார். என் கனவு என்னை அழவைத்துவிட்டுப் போய்விட்டது என்று லதா மங்கேஷ்கர் பாடும்போது ஷாலினியின் துயரத்தில் நமக்கு ஐயமே எழுவதில்லை. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது.

இனி ‘ஹோட்டோன் மே ஐசி பாத்’. இந்த நடனத்தைப் பற்றி எழுதும்போது என் கை சற்று வேகமாகவே ஓடுகிறது, பொறுத்தருள வேண்டும். முரசுகள் அதிர, லதாவின் குரலுக்கு நடுவே பூபிந்தர் ‘ஓ ஷாலு’ என்று கூவ, வைஜயந்திமாலா அரங்கம் முழுவதையும் தன் காலடியில் சுருட்டிக்கொண்டு ஆடுகிறார். விஜய் ஆனந்த் இங்கே துண்டு துண்டாக வெட்டி வேகத்தைச் செயற்கையாக உண்டாக்கவில்லை. கேமரா அவரோடு சேர்ந்து சுழல்கிறது, பின்வாங்குகிறது, மீண்டும் நெருங்குகிறது. வெட்டு விழ வேண்டிய இடம் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தையும் தாண்டி ஷாட் நீண்டுகொண்டே போகிறது. இவ்வளவு நீண்ட ஷாட்டில் தாளம் தவறாமல், முகபாவம் குலையாமல் ஆடுவதற்கு, சிறுவயதிலிருந்தே பரதநாட்டியத்தில் ஊறிய உடல் வேண்டும். திருவல்லிக்கேணியில் பிறந்த ஒருவரின் பயிற்சி மும்பைப் படமொன்றின் உச்சக்காட்சியைத் தாங்கி நிற்கிறது என்பதில், நாற்பது ஆண்டுகளாக இந்த நகரில் வாழும் தமிழன் என்ற முறையில் எனக்குப் பெருமிதம் உண்டு.

இவ்வளவும் கண்ணுக்கான விருந்து என்றால், பாட்டின் முதல் வரியே கதையின் திறவுகோல். என் உதடுகளுக்குள் ஒரு செய்தியை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்கிறது அந்த வரி. படத்தின் மையமான உண்மையை அத்தனை பேர் நடுவில் உரத்த குரலில் பாடியே அறிவித்துவிடுகிறார்கள். நாமோ ஆட்டத்தின் அழகில் அந்தச் சொற்களைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். பாட்டைத் தள்ளிவிட்டிருந்தால் இந்த ஏமாற்றத்தின் இனிமை தங்களுக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி: இதைவிட நம் ‘புதிய பறவை’ எவ்வளவோ மேல் என்பது எங்கள் நண்பர் குழுவின் தீர்ப்பு. ஒப்புக்கொள்கிறீர்களா? – ஒரு வாசகர், தாராவி

பதில்: தங்கள் தீர்ப்பை விட, அந்த இரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றிய தங்கள் குழுவின் ரசனை எனக்குப் பெரிதாகப் படுகிறது. தாதா மிராசி இயக்கிய ‘புதிய பறவை’ 1964-இல், அதாவது ‘ஜுவல் தீஃப்’புக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தது. இரண்டிலும் கதையின் நாடி ஒன்றே: ஒருவர் வந்து நின்று, உனக்கு என்னைத் தெரியும் என்கிறார், மற்றவர் தெரியாது என்கிறார், நாம் யாரை நம்புவது என்று தவிக்கிறோம். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ என்று பி. சுசீலாவின் குரலில் சௌகார் ஜானகி கேட்கும் அதே கேள்வியைத்தான், விருந்தில் ஷாலினி வினயிடம் கேட்கிறாள்.

வேறுபாடு நாயகன் தாங்கும் சுமையில் இருக்கிறது. ‘எங்கே நிம்மதி’ என்று சிவாஜி கணேசன் கதறும்போது அந்தச் சந்தேகம் ஒரு மனிதனின் மனத்தை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். தேவ் ஆனந்தின் வினய்க்கு அந்தச் சந்தேகம் ஒரு விளையாட்டாகத் தொடங்குகிறது. தன்னைப் போல் ஒருவன் இருக்கிறான் என்பதில் அவனுக்கு முதலில் குறும்பான ஆர்வமே தவிர அச்சமில்லை. துயரத்தின் ஆழத்தில் ‘புதிய பறவை’ மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பார்வையாளனோடு ஆடும் சூதாட்டத்தின் நேர்த்தியில் ‘ஜுவல் தீஃப்’ மேல் என்பதை மட்டும் தங்கள் குழு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிறு செய்தியும் நினைவுக்கு வருகிறது. நினைவிழந்த நாயகனைப் பற்றிய நம் ‘அமரதீபம்’ 1958-இல் ‘அமர் தீப்’ என்ற பெயரில் இந்திக்குப் போனபோது, அதில் நடித்தவர்கள் இதே தேவ் ஆனந்தும் வைஜயந்திமாலாவும்தான். தான் யார் என்று தெரியாத ஒருவனும் அவனை அடையாளம் சொல்லும் ஒருத்தியுமாக அவ்விருவரையும் பார்க்கும்போது, எனக்கு ஒரு பழைய உறவு தொடர்வதுபோல் தோன்றும்.

கேள்வி: நடிகர்களைத் தேர்ந்தெடுத்ததில் ஏதேனும் சிறப்பு உண்டா, அல்லது அக்காலத்தில் கிடைத்த பெரிய பெயர்களைச் சேர்த்துக்கொண்டார்களா? – ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: நல்ல கேள்வி, ஏனென்றால் இப்படத்தின் மிகப் பெரிய தந்திரம் கதையில் இல்லை, நடிகர் தேர்வில் இருக்கிறது. நாம் ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கும்போது, அவர் நடித்த பழைய படங்களையும் சேர்த்தே பார்க்கிறோம். ‘பாஸி’யில் சூதாடியாகவும், ‘காலா பஜார்’ படத்தில் கள்ளச் சந்தையில் சினிமா டிக்கெட் விற்பவனாகவும் வந்த தேவ் ஆனந்தை நகைத் திருடன் என்று யாராவது சொன்னால், நம்மில் பாதிப் பேர் உடனே நம்பத் தயாராக இருக்கிறோம். ‘தேவதாஸ்’, ‘மதுமதி’ ஆகிய படங்களில் காதலுக்காகக் கண்ணீர் விட்ட வைஜயந்திமாலா இங்கே கண்ணீர் விட்டால், அது காதலுக்காகத்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அசோக் குமார் 1943-இல் ‘கிஸ்மத்’ படத்தில் தாமே திருடனாக நடித்தவர், பின்னர் திரையுலகமே மூத்தவராக வைத்து மதித்தவர். தனுஜா குறும்பின் மறுபெயர். ஹெலன் வந்தாலே நடனமும் ஆபத்தும் கூடவே வரும் என்பது அன்றைய ரசிகனுக்குத் தெரியும். இந்த நம்பிக்கைகளில் சிலவற்றை விஜய் ஆனந்த் காப்பாற்றுகிறார், சிலவற்றைப் போட்டு உடைக்கிறார். எவை எவை என்பதைத் திரையில் கண்டுகொள்ளுங்கள்.

கேள்வி: படத்தில் வரும் மலைநாடு உண்மையில் எது? – ஒரு வாசகர், ஐரோலி

பதில்: சிக்கிம். படம் வெளிவந்தபோது அது நம் நாட்டின் மாநிலமாக இருக்கவில்லை. மன்னரின் ஆட்சியில் இருந்தது, 1975-இல்தான் இந்தியாவோடு இணைந்தது. கதை அங்கே போய்ச் சேரும்போது, நாம் அறிந்த சட்டமும் காவல்துறையும் வெகுதூரத்துக்கு அப்பால் போய்விட்டன என்ற உணர்வு அன்றைய பார்வையாளனுக்கு இயல்பாகவே வந்திருக்கும்.

கேள்வி: நான் ஜவேரி பஜாரில் கல் தரம் பார்க்கும் தொழிலில் இருப்பவன். படத்தில் ரத்தினங்களைப் பற்றி வருவதெல்லாம் சரிதானா? இவ்வளவு புகழ்கிறீர்களே, குறையே இல்லையா? – ஒரு வாசகர், சயன்

பதில்: கல்லின் நீரோட்டம் பார்க்கத் தெரிந்த தங்களுக்கு, இப்படத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் கிடைக்காது. வினயின் ரத்தின அறிவு, அவனை அந்த வணிகரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுக்குத்தான் கதைக்குத் தேவைப்படுகிறது.

குறைகள் உண்டு. இரண்டாம் பாதியில் மருத்துவத்தின் பெயரால் நடக்கும் ஒரு பகுதி அறிவியலுக்கு எந்த வகையிலும் பொருந்தாது. அதை நம்ப வைக்க நடிகர்கள் மிகவும் பாடுபட வேண்டியிருக்கிறது. முடிச்சு அவிழும் இடத்தில் விளக்கங்கள் வரிசையாக வந்து குவிகின்றன. அதுவரை கண்ணாலேயே கதை சொல்லி வந்த இயக்குநர் அங்கே வாயால் சொல்ல வேண்டிய நெருக்கடிக்கு ஆளாகிறார். ஆண்களைச் சுற்றி மயக்கும் மங்கையரை வரிசையாக நிறுத்தும் அன்றைய வழக்கமும் இன்று சலிப்பூட்டுகிறது. இவற்றையெல்லாம் சொல்லிய பிறகும் என் மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விருந்துக் காட்சி ஒன்றும் இறுதி நடனம் ஒன்றும் போதும், அந்தக் குறைகளின் கணக்கைத் தீர்த்துவிடும்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் மாமியாருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. அவர்களோடு சேர்ந்து பார்க்கலாமா? – ஒரு வாசகி, கட்கோபர்

பதில்: தாராளமாகப் பாருங்கள். என் தாயாருக்கும் இந்தி தெரியாது. மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த காலத்தில், தமிழ்ப் படம் ஓடும் நாளில் கிங்ஸ் சர்க்கிள் அரோரா அரங்குக்கு மட்டுமே வருவார்கள். இந்திப் படம் என்றால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வைஜயந்திமாலா நடித்தது என்று சொல்லித்தான் இப்படத்தைப் பார்க்க அவர்களை உட்கார வைத்தேன். ஆறு விரல் விவகாரத்தை மட்டும் இரண்டு வாக்கியங்களில் தமிழில் சொன்னேன். வசனம் புரியாததால் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டாம் முறை பார்த்தபோதுதான் தோன்றிய ஓர் ஐயம், அவர்களுக்கு முதல் முறையே, அதுவும் பாதிப் படத்துக்கு முன்பே தோன்றிவிட்டது. இறுதி நடனம் முடிந்ததும் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியோடு ஆடிய போட்டி நடனத்தை நினைவுகூர்ந்து, அதில் எதிரே பத்மினி இருந்தாள், இதில் இவள் ஒருத்தியே இருவருக்கும் சேர்த்து ஆடிவிட்டாள் என்றார்கள்.

தங்கள் மாமியாரிடமும் ஆறு விரலைப் பற்றி மட்டும் முன்னதாகச் சொல்லி வையுங்கள். இடைவேளையின்போது அவர்கள் யார் மீது சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பெயரை மட்டும் அடுத்த இதழில் வெளியிட மாட்டேன்.